தெருமுனைக் குப்பைமேட்டை அகற்றி, மறுபடி சேராமல் பார்த்துக்கொள்வது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

சென்னையின் தென்புறநகரில் இருக்கிறது எங்கள் தெரு. தெரு தொடங்கும் இடத்தில் ஒரு டிரான்ஸ்பார்மர். அதைத் தாண்டினால் யாரும் வீடு கட்டாத ஒரு மனையின் காம்பவுண்டுச் சுவர். அந்தச் சுவரோரம்தான் குப்பை சேரும். அந்த இடத்தை நாங்கள் மூன்று முறை சுத்தம் செய்தோம். முதல் முறை நாற்பது பேர் வந்தார்கள். கையுறை, தொப்பி, இட்லிப் பொட்டலம், குழுப்படம் எல்லாம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை பளிச்சென்று இருந்த இடம் புதன்கிழமை பழையபடி ஆகிவிட்டது. இரண்டாம் முறை இருபது பேர். பத்து நாள் தாங்கியது. மூன்றாம் முறை வந்தது எட்டே பேர். அப்போது செய்ததுதான் இன்றுவரை நிற்கிறது.

அந்த எட்டுப் பேரும் சூரப்புலிகள் இல்லை. விளக்குமாற்றைக் கையில் எடுப்பதற்கு முன் ஒரு வாரமும், அதைக் கீழே வைத்த பிறகு நாற்பது நாளும் வேலை பார்த்தோம். நடுவில் இருந்த அந்த இரண்டரை மணி நேரத் துப்புரவு எல்லாவற்றிலும் எளிய பகுதி. ஆனால் பெரும்பாலானவர்கள் அதை மட்டும்தான் செய்கிறார்கள். ஆகவே இந்த வழிகாட்டியில் முன்னும் பின்னும்தான் அதிகம் இருக்கும்.

ஒரே ஓர் இடம்

வார்டு முழுவதையும் சுத்தம் செய்யப் போகிறோம் என்று கிளம்பாதீர்கள். இருபது, முப்பது அடி நீளமுள்ள ஒரே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். நீங்கள் தினம் இரண்டு முறையாவது கடந்துபோகும் இடமாக இருக்க வேண்டும். அதை நோக்கித் திறக்கும் ஒரு சன்னலாவது, அருகில் ஒரு கடையாவது இருந்தால் இன்னும் நல்லது. ஆள் பார்வையே படாத இடத்தைச் சுத்தம் செய்தால் அது யாருக்கும் சொந்தமாகாது.

தொடக்கக்காரர்கள் தவிர்க்க வேண்டிய இடங்கள் சில உண்டு. தனியார் மனையின் உட்புறத்துக்கு உரிமையாளரின் சம்மதம் வேண்டும். கோயில் குளம் என்றால் கோயில் நிர்வாகத்தையும், பெரும்பாலும் அறநிலையத் துறையையும் கேட்க வேண்டும். ஏரிக்கரையும் ரயில்வே நிலமும் வேறு வேறு துறைகளின் கையில் இருப்பவை. டிரான்ஸ்பார்மரின் வேலிக்குள் கிடக்கும் குப்பையை மின்வாரிய ஊழியர் வந்துதான் எடுக்க வேண்டும். கம்பை நீட்டிக்கூட இழுக்காதீர்கள்.

சின்ன இடம் என்றால் சின்ன வேலை என்று நினைத்துவிட வேண்டாம். பெங்களூரில் 2010 முதல் இயங்கும் 'தி அக்லி இந்தியன்' குழுவினர் தங்கள் பெயரைக்கூட வெளியே சொல்லாமல், ஒரு நடைபாதைத் துண்டு, ஒரு சுவர், ஒரு மூலை என்றுதான் எடுத்துச் செய்கிறார்கள். பேச்சைக் குறைத்து வேலையைப் பார் என்பதுதான் அவர்களுடைய கொள்கை. நம் ஊரில் இதற்கு இன்னும் பழைய முன்னோடி இருக்கிறது. 1989-இல் சென்னையில் எம்.பி.நிர்மல் தொடங்கிய எக்ஸ்னோரா என்ற தன்னார்வ அமைப்பும் தெரு அளவில்தான் வேலை செய்தது. தெருவாசிகளே மாதாமாதம் பணம் போட்டு ஒருவரை நியமித்து, மூன்று சக்கர வண்டியில் வீடு வீடாகக் குப்பை வாங்க வைத்தார்கள். அவருக்குத் 'தெரு அழகாளர்' என்று பொருள்படும் பெயரும் வைத்தார்கள். மாநகராட்சிகள் வீட்டு வாசலில் குப்பை வாங்கும் வழக்கத்துக்கு வந்தது அதற்கெல்லாம் வெகுகாலம் கழித்து.

ஒரு வாரம் வேடிக்கை பாருங்கள்

இதைத் தவிர்க்கவே தவிர்க்காதீர்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி நான்கு கட்டம் போடுங்கள்: நேரம், என்ன குப்பை, யார் போட்டது, ஏன். கடைசிக் கட்டத்தை நிரப்பத்தான் அந்த ஒரு வாரம் தேவைப்படும்.

எங்கள் நோட்டில் விழுந்தவற்றைச் சொல்கிறேன். உங்கள் தெருவிலும் ஏறக்குறைய இதே ஆட்கள்தான் இருப்பார்கள்.

காலை ஐந்தரையிலிருந்து ஏழு மணி வரை இருசக்கர வாகனங்கள். வண்டியின் கைப்பிடியில் ஒரு பை தொங்கும். எங்கள் முனையில் ஒரு வேகத்தடை இருக்கிறது, அங்கே வண்டி மெதுவாகும், பை பறக்கும். கால் தரையில் படாது, முகம் திரும்பாது, அவ்வளவு பழக்கம். இவர்கள் மாடி அறைகளில் வாடகைக்கு இருக்கும் இளைஞர்கள். குப்பை வண்டி எட்டரைக்கு வரும்போது இவர்கள் பாதி வழியில் இருப்பார்கள். பையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனால் இரவு திரும்பும்போது நாறும். அவர்கள் நிலையில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன் என்று நோட்டைப் பார்த்த பிறகு தோன்றியது.

பதினோரு மணியிலிருந்து ஒன்றரை வரை, வீட்டு வேலை செய்யும் பெண்கள். அடுக்ககத்துக் குப்பை காலையிலேயே போய்விடும். அதற்குப் பிறகு சமையலறையைச் சுத்தம் செய்வதில் சேருவது இவர்கள் கையில் வந்துவிடும். "போகும்போது போட்டுவிட்டுப் போம்மா" என்பது வீட்டுக்காரரின் உத்தரவு. எங்கே போடுவது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை.

மாலையில் டீக்கடைக் கோப்பைகளும் பூக்கடை வாழைநாரும். இரவு பத்துக்கு மேல், யாரோ குளியலறையைப் புதுப்பித்த உடைந்த ஓடுகள், சிமென்ட் சாக்கில். கொத்தனார்கள் இதை ரப்பீஸ் என்பார்கள். விடியற்காலையில் நாய்கள் பைகளைக் கிழித்துத் தெருவெல்லாம் இழுத்துப் போடும். பிறகு, எழுதக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது, எங்கள் வீட்டு வாசலில் கூட்டிய சருகும் அங்கேதான் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது.

அந்த வாரத்தில் கட்டாயம் செய்ய வேண்டிய இன்னொன்று, தினமும் அந்த இடத்தைக் கூட்டும் தூய்மைப் பணியாளரிடம் பேசுவது. கவுன்சிலரைப் பார்ப்பதற்கு முன்பே இவரிடம் பேசிவிடுங்கள். எங்கள் தெருவுக்கு வரும் அக்காவிடம் டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டேன். "முன்னே இங்கே தொட்டி இருந்தது சார். வீட்டுக்கு வீடு வண்டி வந்ததும் தொட்டியை எடுத்துவிட்டார்கள். ஜனங்களுக்குக் கை இன்னும் இங்கேயேதான் வருகிறது" என்றார். நோட்டில் நான் எழுதியிருந்த இரண்டு பக்கத்தைவிட அது தெளிவாக இருந்தது. அவரே இன்னொன்றும் சொன்னார்: "நீங்கள் ஞாயிற்றுக்கிழமை அள்ளி மூட்டை கட்டி வைத்துவிட்டுப் போய்விடுவீர்கள். அதைத் தூக்க யார் வருவது என்று கேட்டீர்களா?" முதல் முறை நாங்கள் கேட்கவில்லை. வண்டி செவ்வாய்க்கிழமைதான் வந்தது. அதற்குள் நாய்கள் முப்பது மூட்டையையும் கிழித்துவிட்டன.

மருந்து ஆளுக்கு ஆள் வேறு

நோட்டு நிரம்பியதும் ஒவ்வொரு வகை ஆளுக்கும் தனித்தனியாகப் பதில் தேடுங்கள். 'இங்கே குப்பை கொட்டாதீர்' என்ற பலகை எல்லோருக்கும் சேர்த்துச் சொல்லப்படுவதால் யாரும் அதைத் தனக்கென்று எடுத்துக்கொள்வதில்லை.

வாடகை இளைஞர்களுக்காக அவர்களுடைய வீட்டு உரிமையாளர்களைப் பார்த்தோம். கேட்டுக்கு உள்ளே மூடி போட்ட இரண்டு டிரம். பச்சையில் மக்கும் குப்பை, நீலத்தில் மக்காத குப்பை. காலையில் கிளம்பும்போது பையன்கள் அதில் போட்டுவிடுவார்கள். எட்டரைக்கு வண்டி வரும்போது உரிமையாளர் வீட்டில் யாராவது எடுத்துக் கொடுப்பார்கள். மூன்று உரிமையாளர்களில் ஒருவர் மட்டும் முரண்டு பிடித்தார். அவரிடம் வாதாடாமல் டிரம்மை நாங்களே வாங்கிக் கொடுத்துவிட்டோம். காலைக் குப்பையில் பெரும்பகுதி இந்த ஒரு வேலையில் நின்றுவிட்டது.

அடுக்ககச் சங்கத்தில் பேசி, மதியக் குப்பைக்குக் கீழ்த்தளத்தில் ஒரு தொட்டி வைக்கச் செய்தோம். டீக்கடைக்காரர் பயன்படுத்திய பிளாஸ்டிக் பூச்சுக் காகிதக் கோப்பை, தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட 14 பொருள்களில் ஒன்று. சட்டத்தை எடுத்துக் காட்டினால் பயப்படுவார், ஆனால் பகையாகிவிடுவார். கண்ணாடித் தம்ளருக்கு மாறினால் காலை நடை முடித்து வரும் எங்கள் பதினைந்து பேரும் அங்கேதான் டீ குடிப்போம் என்றோம். மாறிவிட்டார். பூக்கார அம்மாவின் வாழைநாரும் காம்புகளும் சிக்கலே இல்லை, அவை மக்குபவை. ஒரு சாக்கு கொடுத்தால் போதும்.

கட்டட இடிபாடுதான் கடினமானது. அதற்கென்று 2016-இல் தனி விதிகளே வந்தன; வீட்டுக் குப்பையோடு அதைக் கலக்கக் கூடாது. சென்னை மாநகராட்சிக்குக் கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் இடிபாடுகளை மறுசுழற்சி செய்யும் நிலையங்கள் இருக்கின்றன. உங்கள் ஊரில் எங்கே கொட்டலாம் என்பதைச் சுகாதார ஆய்வாளரிடம் கேட்டு வாங்கி, அந்தப் பகுதிக் கொத்தனார்களிடம் சொல்லிவிடுங்கள். இரவில் சாக்கைப் போடுபவர் பெரும்பாலும் கூலிக்கு வந்த ஆள். வேலை நடக்கும் வீட்டைக் கண்டுபிடித்தால் பேச்சு சுலபம். ஒரு பக்கம் உடைந்த ஓட்டையும் மறுபக்கம் புது ஓடு இறங்கும் வீட்டையும் பார்த்தால் துப்பறிவாளர் தேவையில்லை.

கடிதமும் அனுமதியும்

சாலையோரத்தைக் கூட்டுவதற்கு யாரும் தடை சொல்லமாட்டார்கள். ஆனால் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போக வண்டி வர வேண்டுமானால் உள்ளாட்சி அலுவலகத்தில் எழுத்தில் கேட்க வேண்டும். நீட்டி எழுத வேண்டாம். நாங்கள் எழுதியது இவ்வளவுதான்:

"ஐயா, எங்கள் தெருமுனையில் உள்ள குப்பையை வரும் சனிக்கிழமை காலை 6 மணி முதல் 8.30 மணி வரை தெருவாசிகள் எட்டுப் பேர் அகற்ற உள்ளோம். சுமார் முப்பது மூட்டை சேரும். அன்று காலை 9 மணிக்கு அவற்றை எடுத்துச் செல்ல ஒரு வாகனமும், சுண்ணாம்புத் தூளும் அனுப்பி உதவுமாறு கேட்டுக்கொள்கிறோம். தொடர்ந்து அந்த இடத்தை நாங்களே கண்காணித்துக்கொள்வோம்."

கடைசி வாக்கியம் முக்கியம். அலுவலகத்தில் இருப்பவர்கள் ஒரு நாள் தொண்டர்களை நிறையப் பார்த்தவர்கள். நகலில் தேதியுடன் முத்திரையோ கையெழுத்தோ வாங்கிக்கொள்ளுங்கள். சனிக்கிழமையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அன்று வண்டியும் ஆளும் வேலையில் இருப்பார்கள். ஞாயிறு உங்களுக்கு வசதி, அவர்களுக்கு இல்லை.

சென்னையில் புகாருக்கு 1913; மாநிலத்தின் எந்த ஊரிலிருந்தும் முதல்வரின் உதவி மையத்துக்கு 1100. தொலைபேசிப் புகாரோடு நின்றுவிடாதீர்கள். நகரங்களில் 2022 நவம்பர் 1 உள்ளாட்சி நாளன்று தொடங்கிய பகுதி சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. கிராமத்தில் என்றால் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் கிராம சபை கூடும். தெருவிளக்கு, குப்பை வண்டி வரும் நேரம் போன்றவற்றை அங்கே எழுந்து நின்று கேட்டால் பதிவாகும். கவுன்சிலர் வந்து தொடங்கி வைக்கிறேன் என்றால் மறுக்காதீர்கள். ஆறு மணிக்கே தொடங்கிவிடுங்கள், அவர் வரும்போது வரட்டும்.

சாமான்கள்

பத்துப் பேருக்கு மண்வெட்டி இரண்டு, கடப்பாரை ஒன்று, நீளப் பிடி போட்ட வாரி இரண்டு, மண் அள்ளும் பாண்டு நான்கு, தென்னை விளக்குமாறு நான்கு, கோணிச் சாக்கு நாற்பது. மண்வெட்டியையும் பாண்டையும் கட்டட வேலை நடக்கும் வீட்டில் ஒரு காலைக்குக் கடன் கேட்கலாம். சாக்கை அரிசிக் கடையில் கேளுங்கள். மெல்லிய மருத்துவமனைக் கையுறை பத்து நிமிடத்தில் கிழிந்துவிடும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் தடித்த ரப்பர் கையுறைதான் சரி. காலுக்கு மூடிய ஷூ கட்டாயம். செருப்போடு வருபவரைத் திருப்பி அனுப்ப மனம் வராது. அவருக்குச் சாக்கின் வாய் கட்டும் வேலையைக் கொடுங்கள். டெட்டனஸ் ஊசி போட்டு வெகு நாளாயிருந்தால் முன்கூட்டியே போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். குடிக்க ஒரு குடம் தண்ணீர், கை கழுவ இன்னொரு குடம், சோப்பு, முதலுதவிப் பெட்டி.

பனியன் அச்சடிப்பது, பேனர் கட்டுவது இரண்டும் வேண்டாம். பேனர் மறுநாள் குப்பை.

அந்தக் காலை

ஆறு மணிக்கு முதல் வேலை, நீண்ட கம்பால் குப்பைமேட்டைத் தட்டிப் பத்து நிமிடம் விடுவது. எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும். பாம்பைக் கண்டால் எல்லோரும் விலகிவிட்டு 101-க்குக் கூப்பிட்டுத் தீயணைப்பு வீரர்களை வரவழையுங்கள். வீரம் காட்ட வேண்டாம். இறந்த நாயோ பூனையோ கிடந்தால் அதுவும் உள்ளாட்சிப் பணியாளர் எடுக்க வேண்டியது.

பிறகு பெரிய பொருள்கள்: கட்டை, கிழிந்த மெத்தை, டயர். அதற்குப் பின் காய்ந்தவை, அதற்குப் பின் ஈரமானவை, கடைசியில் மண். இந்த வரிசையை மாற்றினால் எல்லாம் ஒன்றாகக் குழைந்துவிடும், பிரிக்க முடியாது. அள்ளும்போதே பிரியுங்கள். 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டின் அபாயக் குப்பை என்று மூன்றாகப் பிரிக்கச் சொல்லியிருந்தன. குப்பைமேட்டில் பிரிப்பதற்குக் கூடுதலாக இரண்டு சாக்கு வேண்டும்: ஒன்று உடைந்த கண்ணாடிக்கு, இன்னொன்று காயலான் கடைக்குப் போகக்கூடிய புட்டி, அட்டை, இரும்புக்கு. ஊசி கிடந்தால் கையால் எடுக்காமல் இடுக்கியால் எடுத்து மூடி போட்ட கெட்டியான பிளாஸ்டிக் புட்டியில் போடுங்கள். சானிட்டரி நாப்கின், குழந்தை அணையாடை எல்லாம் தனிச் சாக்கில், மேலே அடையாளத்துடன்.

செய்யவே கூடாத மூன்று உண்டு. எதையும் கொளுத்தாதீர்கள், சருகைக்கூட. திறந்த வெளியில் குப்பை எரிப்பது விதிப்படி தடை செய்யப்பட்டது, பிளாஸ்டிக் கலந்த புகையை முதலில் சுவாசிக்கப்போவது எதிர்வீட்டுக் குழந்தை. பாதாளச் சாக்கடை மூடியைத் திறக்காதீர்கள், உள்ளே ஆளை இறக்காதீர்கள்; விஷவாயு ஒரு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். மனிதரைக் கொண்டு மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்குவது குற்றமும் ஆகும். மூன்றாவதாக, பிளீச்சிங் பவுடரையும் கழிப்பறை ஆசிட்டையும் ஒன்றாகக் கொட்டாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். எங்கள் இரண்டாம் முறையில் ஒருவர் ஆர்வத்தில் இதைச் செய்துவிட்டு அரை மணி நேரம் இருமிக்கொண்டிருந்தார்.

எட்டு மணிக்கு மேல் வெயில் ஏறிவிடும். எட்டரைக்கு நிறுத்திவிடுங்கள், கொஞ்சம் மிச்சம் இருந்தாலும். களைத்துப்போனவர் அடுத்த முறை வரமாட்டார்.

மறுநாள் காலை ஐந்தரை மணி

வேலை இங்கேதான் தொடங்குகிறது.

எங்கள் முனைக்கு எதிர்வீட்டில் எழுபது வயதைத் தாண்டிய பாட்டி ஒருவர் இருக்கிறார். துப்புரவு நாளன்று அவர் வெளியே வரவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை இருட்டு பிரியும் முன் நான் போய்ப் பார்த்தபோது, ஒரு வாளித் தண்ணீரில் சாணியைக் கரைத்து, நேற்றுவரை குப்பை கிடந்த மண்ணில் தெளித்துக்கொண்டிருந்தார். தெளித்து முடித்ததும் குனிந்து, ஏழு புள்ளி வைத்து ஒரு சிக்குக் கோலம் போட்டார். மாவு காய்வதற்குள் முதல் வண்டி வந்தது. வேகத்தடையில் மெதுவானது. கைப்பிடியில் பை இருந்தது. அந்தப் பையன் கோலத்தைப் பார்த்தான், பாட்டியைப் பார்த்தான், பையோடு போய்விட்டான். பாட்டி தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

உங்கள் தெருவில் அப்படி ஒரு பாட்டி கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். எப்படியும் நாற்பது நாளுக்கு ஒரு முறைப்பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள்: காலை ஐந்தரை முதல் ஏழரை வரை இரண்டு பேர், இரண்டு நாற்காலி, ஒரு செய்தித்தாள். யாரையும் அதட்ட வேண்டாம். பையோடு வருபவரிடம், "தம்பி, உங்கள் கேட்டுக்குள்ளே நீல டிரம் வைத்திருக்கிறார்கள், பார்த்தீர்களா?" என்றால் போதும். யாரும் பார்க்காதபோது ஒரு பை விழுந்துவிட்டால் ஒரு மணி நேரத்துக்குள் எடுத்துவிடுங்கள். முதல் பை கிடந்தால்தான் இரண்டாவது பை வரும். வெற்று மண்ணில் முதல் பையைப் போட யாருக்கும் கொஞ்சம் தயக்கம் இருக்கத்தான் செய்கிறது.

இங்கே நான் செய்த தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நான்காம் நாள் மதியம் ஒரு பெண் பை போடுவதைப் படம் எடுத்துத் தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன். குழுவில் ஆளாளுக்குத் திட்டினார்கள். அன்று மாலை அந்தப் பையை எடுக்கப் போனபோது மேலேயே ஒரு கூரியர் உறை இருந்தது. குழுவில் எல்லோரையும்விடக் காரமாகத் திட்டியவரின் வீட்டு எண் அதில் இருந்தது. நான் படம் எடுத்தது அவர் வீட்டில் வேலை செய்யும் பெண்ணைத்தான். குப்பை ஒருவருடையது, கை இன்னொருவருடையது, அவமானம் அந்தக் கைக்கு மட்டும். படத்தை நீக்கிவிட்டு மறுநாள் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை சார், எங்கே போடணும் என்று சொல்லுங்கள்" என்றார். அடுக்ககத்தின் கீழ்த்தளத் தொட்டி அடுத்த நாளே வந்ததற்கு அந்தக் கூரியர் உறைதான் காரணம். ஆகவே படம் எடுத்துப் போடுவது வேண்டாம். கண்காணிப்பு கேமரா வாங்கும் பணத்தில் டிரம் வாங்குங்கள்.

சுவர்

முதல் வாரத்திலேயே பெயின்ட் டப்பாவோடு இறங்காதீர்கள். குப்பை வருவது நின்று மூன்று வாரமாவது ஆகட்டும். சென்னைப் பக்கத்தில் வடகிழக்குப் பருவமழை முடிந்து, தை முதல் பங்குனி வரை சுவர் வேலைக்கு ஏற்ற காலம்.

சிறுநீர் கழிக்கப்பட்ட சுவரின் கீழ்ப்பகுதியில் உப்புப் பூத்திருக்கும். அதன்மேல் நேராகப் பெயின்ட் அடித்தால் ஒரே மழையில் அப்பளமாக உரியும். கம்பித் தூரிகையால் தேய்த்து, தண்ணீர் விட்டுக் கழுவி, ஒரு வாரம் காயவிட்டு, பொரிந்த இடத்தைச் சிமென்ட் பூசி அடைத்த பிறகே நிறம். ஓவியம் வரையத் தெரிந்தவர் இருந்தால் வரையட்டும். இல்லாவிட்டால் சுண்ணாம்பு அடித்து, கீழே காவிப் பட்டை இழுத்துவிடுங்கள். செலவு குறைவு, ஒவ்வொரு பொங்கலுக்கும் புதுப்பிக்கலாம், பார்க்கவும் லட்சணம். சுவர் யாருடையதோ அவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சுவரொட்டி ஒட்டிக் கெடுப்பதற்கு எதிராக 1959-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் சுவரொட்டிக்காரர் வருவார். சொரசொரப்பான பூச்சில் பசை சரியாகப் பிடிக்காது என்பது எங்கள் பெயின்டர் சொன்ன யோசனை.

சாமி படம் வரையலாமே என்று யாராவது நிச்சயம் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. படத்துக்குப் பயந்து நிற்பவர் நான்கடி தள்ளிப்போய் அதே வேலையைச் செய்வார். ஒருநாள் அதன்மேல் யாராவது எதையாவது எறிந்தால் குப்பைப் பிரச்சினை ஊர்ப் பிரச்சினையாகிவிடும். சிறுநீர் கழிப்பவர்களில் பாதிப் பேர் ஆட்டோ ஓட்டுநர்களும் பொருள் கொண்டுவந்து கொடுக்கும் பையன்களும்தான். அருகில் எங்கே கழிப்பறை இருக்கிறது என்று அம்புக்குறி போட்டு எழுதினோம். ஒரு விளக்கும் போட்டோம். இருட்டு இல்லாத சுவருக்கு யாரும் போவதில்லை.

செடி, மரம்

ஆடிப் பட்டம் தேடி விதை என்பது இதற்கும் பொருந்தும். ஆடியிலிருந்து ஐப்பசிக்குள் நட்டுவிட்டால் மழையே பாதி வளர்த்துவிடும். சித்திரையில் மரக்கன்று நடும் விழா நடத்துபவர்களைப் பார்த்தால் எனக்கு அந்தக் கன்றுகள் மேல் பரிதாபமாக இருக்கும்.

முதல் எதிரி ஆடும் மாடும். ஆகையால் அவை வாய் வைக்காத நித்தியகல்யாணியிலிருந்து தொடங்குங்கள். வெயில் தாங்கும், தண்ணீர் அதிகம் கேட்காது. நந்தியாவட்டையும் நன்றாக வரும். அரளியும் ஆடு தின்னாதுதான், ஆனால் நஞ்சு. குழந்தைகள் விளையாடும் இடத்தில் வேண்டாம். செம்பருத்திக்குக் கம்பி வேலி இல்லாமல் ஒரு வாரம்கூட ஆயுள் கிடையாது.

மரத்துக்கு இடம் இருந்தால் பூவரசு, புங்கை, சரக்கொன்றை. மேலே மின்கம்பி போகிறதா என்று அண்ணாந்து பாருங்கள். போனால் மரம் வேண்டாம், செடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நகரத்தில் குழி தோண்டும் முன் தண்ணீர்க் குழாய், மின்கேபிள் எங்கே போகின்றன என்று கேட்டுவிடுங்கள். கடப்பாரையால் கேபிளைத் தொட்டால் தெருவே இருட்டாகும், தோண்டியவர் உயிருக்கும் ஆபத்து. இரண்டடிக்கு இரண்டடி, இரண்டடி ஆழம் குழி. தோண்டிய மண்ணோடு மணலும் மக்கிய தொழு உரமும் கலந்து நிரப்புங்கள். ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு வீட்டை ஒதுக்குங்கள். எங்கள் தெருவில் எல்லோரும் எல்லாச் செடிக்கும் தண்ணீர் ஊற்றுவது என்று முடிவு செய்த மாதத்தில்தான் நான்கு கன்றுகள் வாடிப்போயின.

தெருவில் ஏற்கெனவே நிற்கும் மரங்களைச் சுற்றிப் பாருங்கள். டியூஷன் பலகை, மனை விளம்பரம் என்று ஆணி அடித்திருப்பார்கள். குறடும் ஆணி பிடுங்கும் சுத்தியலும் இருந்தால் ஒரு மாலையில் தெரு முழுக்கப் பிடுங்கிவிடலாம். பத்து வயதுப் பிள்ளைகள் இதில் காட்டும் உற்சாகத்துக்கு ஈடில்லை. பிடுங்கிய ஆணிகளை ஒரு டப்பாவில் சேர்க்கச் சொன்னால் எண்ணிக்கொண்டே இருப்பார்கள்.

சருகுக்கு ஒரு வழி வேண்டும். கம்பி வலையை மூன்றடி விட்டத்தில் வட்டமாகக் கட்டி நிறுத்தி, சருகு இரண்டு பங்கு, பூக்கடைக் கழிவும் காய்கறித் தோலும் ஒரு பங்கு என்று அடுக்கி, அவ்வப்போது தண்ணீர் தெளித்துக் கிளறிவிடுங்கள். சமைத்த சோறு, மீன் கழிவு போட்டால் எலி வரும். இரண்டு மூன்று மாதத்தில் கருப்பாக, மழை பெய்த மண் வாசனையோடு எரு கிடைக்கும். அதைச் செடிக்கே போட்டுவிடலாம்.

மழைக்கு முன்னால்

புரட்டாசியில் ஒரு நடை நடந்து பாருங்கள். தெருவோர மழைநீர் வடிகால் வாயில் மண்ணும் கவரும் அடைத்திருந்தால், வெளிப்புற அடைப்பை மட்டும் நீங்கள் எடுக்கலாம். உள்ளே தூர் வாருவதற்கு உள்ளாட்சியிடம் சொல்ல வேண்டும். டயர், தேங்காய்ச் சிரட்டை, பூந்தொட்டித் தட்டு, மொட்டை மாடியில் கவிழ்க்காமல் விட்ட வாளி இவற்றில்தான் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும் என்பதால் வாரம் ஒரு முறை கவிழ்க்க வேண்டும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டைகள் பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தேய்த்துக் கழுவுங்கள்.

மார்கழி முடிவில் இன்னொரு சோதனை வரும். போகிக்கு முந்தைய வாரம் பழைய பாய், தலையணை, துணி எல்லாம் முனைக்கு வரப் பார்க்கும். நாங்கள் அந்த வாரம் மட்டும் ஒரு வீட்டு கார் ஷெட்டில் வாங்கி வைத்து மொத்தமாக வண்டியில் ஏற்றிவிடுகிறோம்.

பணம்

கணக்கை ஒருவரும் நோட்டை இன்னொருவரும் வைத்திருக்கட்டும். வீட்டுக்கு இருநூறு ரூபாய்க்கு மேல் கேட்க வேண்டாம். தராதவர் பெயரைக் குழுவில் போடவே வேண்டாம். காயலான் கடைப் பணத்தையும் வரவில் எழுதுங்கள். கேட்காமலே கணக்கைக் காட்டுங்கள். துப்புரவு நாளில் உதவிய தூய்மைப் பணியாளர்களுக்குச் சால்வை போர்த்திப் படம் எடுப்பதைவிட, நல்ல ரப்பர் கையுறை ஆளுக்கு இரண்டு ஜோடி வாங்கிக் கொடுங்கள். எங்கள் அக்காவிடம் என்ன வேண்டும் என்று கேட்டதற்குக் கையுறைகூடக் கேட்கவில்லை. "கண்ணாடியைத் தனியாகக் கட்டிக் கொடுக்கச் சொல்லுங்கள் சார்" என்று உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினார். கண்ணாடியைச் சுற்றி மேலே அடையாளம் போட, அன்று மாலையே ஒவ்வொரு வீட்டுக்கும் பழைய செய்தித்தாளும் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவும் கொண்டுபோனோம்.

போன மாதம் முனையில் ஒரு மெத்தை கிடந்தது, ஏழு மாதத்தில் முதல் முறையாக. யார் என்று விசாரிக்கவில்லை. இஸ்திரிக்காரரும் நானும் அதை ஓரமாக நிமிர்த்தி வைத்து, சுகாதார ஆய்வாளரைக் கூப்பிட்டோம். பத்து மணிக்கு வண்டி வந்தது. மெத்தை கிடந்த இடத்தில் இரண்டு நித்தியகல்யாணி நசுங்கியிருந்தன. பாட்டி தன் தொட்டியிலிருந்து இரண்டு நாற்றைப் பிடுங்கிக் கொடுத்தார். கணக்கில் மீதி முந்நூற்று நாற்பது ரூபாய் இருக்கிறது. அடுத்த வாரம் இரண்டு விளக்குமாறு வாங்க வேண்டும்.